யார்க்டவுன் அஞ்சல்தலை (1931)

யார்க்டவுன் முற்றுகையின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1931 அக்டோபர் 19 அன்று அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட 2 சென்ட் நினைவு அஞ்சல்தலை. நடுவில் ஜார்ஜ் வாஷிங்டன், அவருக்கு இருபுறமும் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி ரோஷாம்போ, கடற்படைத் தளபதி டி கிராஸ் என மூவரின் முகங்கள் கறுப்பு மையிலும், சுற்றியுள்ள வேலைப்பாடு சிவப்பிலும் அச்சாகியுள்ளன. விடுதலைப் போர் நிகழ்வுகளுக்காக 1925இல் லெக்சிங்டன்–கான்கார்ட் தலைகளோடு தொடங்கிய 150ஆம் ஆண்டு வெளியீடுகளில், போரின் முடிவைத் தீர்மானித்த களத்துக்குரியது இது.

அமெரிக்க வெற்றியைக் கொண்டாடும் தலையில் பிரெஞ்சுக்காரர் இருவர் ஏன் என்பதற்கு முற்றுகையின் வரலாறே விடை. 1781 கோடையில் பிரித்தானியத் தளபதி காரன்வாலிஸ், வர்ஜீனியாவில் யார்க் ஆற்றங்கரையிலிருந்த யார்க்டவுனில் அரண் அமைத்துத் தங்கினார். கடல்வழியே உதவி வந்து சேரும் என்று நம்பியிருந்தார். வாஷிங்டனுக்கோ நியூயார்க்கின் மீதுதான் கண். டி கிராஸின் கப்பற்படை செசபீக் விரிகுடாவுக்கு வருகிறது என்ற செய்தி ஆகஸ்டில் கிடைத்த பிறகே அவர் மனம் மாறினார். இரு நாட்டுப் படைகளும் தெற்கு நோக்கி நடந்தன.

செப்டம்பர் 5 அன்று டி கிராஸின் 24 போர்க்கப்பல்கள் விரிகுடாவின் வாயிலில் பிரித்தானியரின் 19 கப்பல்களை எதிர்கொண்டன. எந்தத் தரப்பும் மறுதரப்பின் கப்பலைக் கைப்பற்றவில்லை. ஆயினும் பிரித்தானியக் கப்பற்படை நியூயார்க்குக்குத் திரும்பிவிட்டது. காரன்வாலிஸின் விதி அன்றே முடிவாகிவிட்டது எனலாம்.

முற்றுகை செப்டம்பர் 28இல் தொடங்கியது. அக்டோபர் 9 முதல் பீரங்கிகள் ஊரைத் துளைத்தன. 14ஆம் தேதி இரவு, எஞ்சியிருந்த இரு முன்னரண்களில் ஒன்றைப் பிரெஞ்சுப் படையும் மற்றொன்றை அலெக்சாண்டர் ஹாமில்டன் தலைமையில் அமெரிக்கரும் தாக்கினர். ஒரு வெடிச்சத்தம்கூடக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, அமெரிக்க வீரர்கள் துப்பாக்கியில் குண்டு போடாமல், முனையில் பொருத்திய கத்தியை மட்டுமே நம்பி இருளில் பாய்ந்தார்கள். 17ஆம் தேதி காலை பிரித்தானிய அரண்மேல் முரசுக்காரர் ஒருவர் ஏறிக் கொட்டினார். பின்னால் ஓர் அதிகாரி வெள்ளைத் துணியை ஆட்டினார். 19இல் 7,000க்கும் மேற்பட்டோர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். உடல்நலமில்லை என்று சொல்லிக் காரன்வாலிஸ் அந்நிகழ்ச்சிக்கு வரவில்லை.

இந்தத் தோல்வி அவருடைய பதவி வாழ்வை முடித்துவிடவில்லை. 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1792இல் சீரங்கப்பட்டணத்தை அவரே முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானை உடன்படிக்கைக்குப் பணியவைத்தார். திண்டுக்கல்லும் பாராமகாலும் அந்த உடன்படிக்கையால்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன.

அஞ்சல்தலை ஒரே நாளில் ஈரூர்களில் விற்பனைக்கு வந்தது. ஒன்று யார்க்டவுன். மற்றொன்று கனெக்டிகட் மாநிலத்தின் வெதர்ஸ்ஃபீல்ட். 1781 மே மாதம் வாஷிங்டனும் ரோஷாம்போவும் கூடி ஆலோசித்த ஊர். யார்க்டவுனில் நடந்த விழாவில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹூவரும் பிரான்சின் சார்பில் மார்ஷல் பெத்தனும் கலந்துகொண்டனர். அச்சான தலைகள் சுமார் 2.5 கோடி. சாதாரணக் கடிதத்துக்கான கட்டணம் அப்போது 2 சென்ட்தான். ஆகவே சேகரிப்பாளர்களின் ஆல்பங்களோடு நின்றுவிடாமல் அன்றாடத் தபாலிலும் இந்த முகங்கள் வீடுதோறும் சென்றன. செதுக்கிய தகடுகள் இரண்டு, நிறத்துக்கு ஒன்றாக. ஒவ்வொரு தாளும் இருமுறை அச்சேற வேண்டும். சிவப்புச் சட்டத்துக்குள் கறுப்பு முகங்கள் விலகாமல் அமைவதில்தான் அச்சகத்தாரின் திறமை தெரிந்தது.

மூன்று முகங்களையும் அருகருகே வைத்தது இந்த வடிவமைப்பின் பெருஞ்சிறப்பு. வாஷிங்டனை மட்டும் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், வரலாறுதான் குறைபட்டிருக்கும். 200ஆம் ஆண்டில், 1981 அக்டோபர் 16 அன்று, 18 சென்ட் மதிப்பில் ஒட்டிய இணைத்தலைகள் வெளிவந்தன: ஒன்று யார்க்டவுனுக்கு, மற்றொன்று டி கிராஸ் வழிமறித்த அந்தக் கடற்போருக்கு.