வயலின் ஏந்திய வில்மா நெருடா

எமது கல்லூரி மேடையில் மாணவிகள் வயலினுடன் வந்து நிற்பது நாம் கண்டு பழகிய காட்சி. அதைப் பார்த்து எவரும் வியப்பதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வயலின் பிறந்த ஐரோப்பாவிலேயே, ஒரு பெண்பிள்ளை அதைத் தொடுவது முகஞ்சுளிக்க வைத்த செயல். அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முன்னிற்பவர் வில்மா நெருடா.

இவர் 1838ஆம் ஆண்டு, இன்று செக் குடியரசிலுள்ள பேர்னோ நகரில் பிறந்தார். தந்தை யோசப் நெருடா அந்நகரப் பேராலயத்தில் ஓர்கன் வாசித்தவர். மகளுக்குப் பியானோ கற்பிக்கவே அவர் விரும்பினார். பியானோவும் ஹார்ப்பும் பெண்களுக்கு உரியவை. வயலினை நாடியில் அணைத்தால் முகம் கோணும், கையை வீசி வில் இழுப்பது பெண்மைக்கு அழகல்ல என்பது அக்காலத்தவர் கருத்து. சிறுமியோ தமையனின் வயலினை ஒளித்தெடுத்துப் பழகினாள் என்றும், அதைக் கேட்டுத் தந்தை மனம் மாறினார் என்றும் சொல்வார்கள். பின்னர் வியன்னாவில் லெயோபோல்ட் யான்சாவிடம் முறையாகப் பயின்று, 1846இல் அங்கு மேடையேறினார். 1849இல், பதினொரு வயதில், இலண்டன் பில்ஹார்மோனிக் சங்கத்தின் கச்சேரியில் வாசித்தார்.

அதற்கு முன் பெண்கள் வயலின் வாசித்ததேயில்லை என்று கூறமுடியாது. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரின் பியெத்தா அநாதை இல்லத்துச் சிறுமிகள் விவால்டியிடம் கற்றுப் புகழ்பெற்றனர். எனினும் அவர்கள் கம்பித் தட்டிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தே வாசித்தனர். வில்மா நின்றதோ திறந்த மேடையில்.

1864இல் சுவீடன் நாட்டு இசையமைப்பாளர் லூட்விக் நோர்மனை மணந்து ஸ்டொக்ஹோமில் வாழ்ந்தார். அங்கே கற்பித்தும் வந்தார். அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. 1869இல் இலண்டனுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. அங்கு சென் ஜேம்ஸ் மண்டபத்தின் புகழ்பெற்ற திங்கட்கிழமைக் கச்சேரிகளில் நால்வர் குழுவின் முதல் வயலின் அவருக்குக் கிடைத்தது. இதன் பொருளை நாம் உணர வேண்டும். முதல் வயலின் வாசிப்பவரே குழுவை நடத்துபவர். தேர்ந்த கலைஞர்களான ஆண்கள் மூவர் ஒரு பெண்ணின் வில்லசைவை நோக்கி வாசித்தனர்.

1872இல் இலண்டன் ரோயல் அக்கடமி முதன்முதலாக ஒரு மாணவியை வயலின் கற்கச் சேர்த்துக்கொண்டது. தாய்மார் மகள்மாருக்கு வயலின் வாங்கிக் கொடுக்கும் காலம் பிறந்தது. 1876இல், முன்பு ஏர்ன்ஸ்ட் என்ற மேதை வாசித்த, 1709ஆம் ஆண்டின் ஸ்ராடிவாரியஸ் வயலின் ஒன்றை எடின்பரோ கோமகனும் வேறு இரு பிரபுக்களும் அவருக்கு அளித்தனர். 1887இல் வெளிவந்த முதலாவது ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் தம் வேலைக்கிடையே இவரது கச்சேரிக்குச் செல்வது நினைவிருக்கலாம்.

1888இல் மன்செஸ்டர் இசைக்குழுவின் தாபகர் சேர் சார்ள்ஸ் ஹலேயை மணந்தார். இருவரும் அவுஸ்திரேலியாவரை சென்று கச்சேரி செய்தனர். 1895இல் கணவரையும், 1898இல் மலையேற்ற விபத்தில் மகன் ஒருவரையும் இழந்தார். ஆயினும் வயலினைக் கைவிடவில்லை. 1901இல் அலெக்சாண்டிரா அரசியார் அவரைத் தம் வயலின் கலைஞராக நியமித்தார். 1911 ஏப்ரலில் பேர்லினில் காலமானார்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளின் பின்னரே, 1913இல், ஹென்றி வூட் இலண்டன் குவீன்ஸ் ஹோல் இசைக்குழுவில் ஆறு பெண்களைச் சேர்த்தார். வில்மா சிறுமியாய் மேடையேறிய அதே வியன்னாவின் பில்ஹார்மோனிக் குழுவோ 1997இல்தான் ஒரு பெண்ணை முழு உறுப்பினராக ஏற்றது. தனித்து நின்று வாசிக்கும் மேதையைக் கொண்டாடிய உலகம், சாதாரணப் பெண் கலைஞருக்குக் குழுவில் ஒரு கதிரை கொடுக்க இத்தனை காலம் எடுத்தது.

எம் மாணவிகள் வயலின் பெட்டியைத் திறக்கும்போது இதை நினைவிற் கொள்வார்களாக. ஒருத்தி கதவைத் திறப்பது அரிய செயல். அக்கதவு மூடிவிடாமல் பின்னே வருவோருக்காகப் பிடித்து நிற்பது எம் எல்லோரது கடமையும் ஆகும்.