தண்ணீருக்காக ஒதுக்கிய காடு

டென்வரில் நாங்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு சௌத் பிளாட் ஆற்றுப் படுகையைத் தொட்டுத்தான் வருகிறது. அந்த மலைக்காட்டை அமெரிக்க அரசு 1892இலேயே ஒதுக்கி வைத்தது. இப்படி ஒதுக்கிய காடுகளின் நோக்கங்களில் நீரோட்டத்தைக் காப்பதும் ஒன்று என 1897ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. 1905இல் அந்த ஆற்றின் குறுக்கே சீஸ்மன் அணை எழும்பியது.

அந்தக் காட்டில் நிற்பவை பெரும்பாலும் பாண்டரோசா பைன் மரங்கள். தடித்த பட்டை, தரையோடு ஓடும் சிறு தீயைத் தாங்கிவிடும். பழைய அடிமரத்தை அறுத்தால் வளையங்களுக்கு நடுவே தீத்தழும்புகள் கறுப்பாகத் தெரியும். அவ்வப்போது வந்த தீதான் கன்றுகளைக் கழித்து, மரங்களுக்கு இடைவெளி விட்டிருக்கிறது.

1910இல் ஐடஹோ, மொன்டானா பக்கம் 30 லட்சம் ஏக்கர் எரிந்ததும் வனத்துறைக்குத் தீ என்றாலே பகையாகிவிட்டது. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935இல் விதி வந்தது. 1978 வரை அது நீடித்தது. அதற்குள் எங்கள் காட்டிலும் கன்றுகள் நெருக்கியடித்து வளர்ந்துவிட்டன.

1996 மே மாதம் அந்தக் காட்டின் பஃபலோ கிரீக் பகுதியில் சுமார் 12,000 ஏக்கர் எரிந்தது. ஜூலையில் கொட்டிய மழை அந்தச் சரிவை அரித்துக்கொண்டு இறங்கியது, இருவர் இறந்தனர். டென்வருக்கு நீர் தரும் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் வண்டல் குவிந்தது. 2002 ஜூனில் ஹேமன் தீ சீஸ்மன் ஏரியைச் சுற்றி வளைத்தது. மொத்தம் 1,38,000 ஏக்கர். அதில் ஏறக்குறைய 60,000 ஏக்கர் ஒரே நாளில் போனது.

பிறகு விதை தூவப் போன தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. சாம்பலை வழித்துவிட்டு, அடியில் இருந்த பருமணலில் பாட்டில் தண்ணீரைச் சாய்த்தேன். சேம்பிலையில் விழுந்ததுபோல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. சருகு எரியும்போது எழும் மெழுகு ஆவி மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்து படிவதால் வரும் வினை அது. மண்ணை வாரியால் கீறிவிட்டு விதை போட்டோம். எங்களால் எட்ட முடியாத சரிவுகளில் ஹெலிகாப்டர் வைக்கோலைக் கொட்டியது. அடுத்தடுத்த மழைகளில் எவ்வளவோ மண் ஆற்றோடு போகத்தான் செய்தது.

இரண்டு தீக்கும் சேர்த்து டென்வர் நீர் வாரியத்துக்கு 2.6 கோடி டாலருக்கு மேல் செலவு. 2010இல் அந்த வாரியமும் வனத்துறையும் பாதிப் பாதியாக 3.3 கோடி டாலர் போட்டு, நெருக்கமான மரங்களைக் கழிக்கவும் எரிந்த சரிவுகளில் நாற்று நடவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. வாரியத்தின் பாதி எங்கள் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து போகிறது, மனமுவந்து கட்டுகிறேன். ஆனால் 1996 வெள்ளம் வடிந்த கையோடு இதே அளவில் இந்த வேலையில் இறங்கியிருக்க வேண்டும்.