கேட்டறியும் வித்தை

தமிழில் 'கேள்' என்னும் வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வினவுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். ஆஸ்பத்திரி வார்டில் நோட்டும் பேனாவுமாக ஒரு கட்டிலருகே முதன்முதல் போய் நிற்கும் நர்ஸிங் மாணவிக்கு, நோயாளியின் சரித்திரத்தைக் கேட்டெழுதும் வித்தையை ஒரே சொல்லில் உபதேசிக்க வேண்டுமானால், இதைக்காட்டிலும் பொருத்தமான சொல் அகப்படாது. வைத்தியம் எத்தனை பழையதோ அத்தனை பழையது அந்த வித்தை. ஆயினும் அது நர்ஸுகளின் கைக்கு முறையாக வந்து சேர்ந்தது நேற்றைய கதை என்றே சொல்லலாம்.

அவர்களுக்கு இன்று நாம் வழங்கும் 'செவிலி' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய், களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்து வாடும் தலைவியின் மெலிவையும் மேனியிற் படர்ந்த பசலையையும் கண்டுகொள்வதில் மகா சமர்த்தி. ஆனால் கண்டதைப் பற்றிப் பெண்ணை அருகழைத்து வினவாமல், கட்டுவிச்சியிடம் குறி கேட்டு, இது முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று துணிந்து, வேலனை வரவழைத்து வெறியாடச் செய்து, ஓர் ஆட்டுக்குட்டியின் உயிரையும் அநியாயமாக வாங்கிவிடுகிறாள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும், நோயின் மெய்யான காரணத்தைத் தோழி அந்தத் தாய்க்கு எடுத்துரைப்பதாகவே அமைந்தவை. செவிலியின் கண்ணில் பிசகில்லை. கேள்விதான் கேட்க வேண்டிய இடத்தை விட்டு வேறிடம் போயிற்று.

கேள்வியை வைத்தியத்தின் அங்கமாக வைத்து எண்ணியவர்கள் பண்டைக் காலத்திலேயே இருந்தார்கள். சுமார் கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த எபேசு நகரத்துக் கிரேக்க வைத்தியர் ரூஃபஸ், நோயாளியிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கென்றே ஒரு தனி நூல் இயற்றினார். நம் நாட்டில் வாக்படர், ரோகியைப் பரீட்சிக்கும் வழிகளைத் தரிசனம், ஸ்பரிசனம், பிரச்னம் என்று மூன்றாக வகுத்தார். (அந்தப் 'பிரச்னம்' நம் பேச்சில் பிரச்சினையாகித் தொல்லைக்கு மறுபெயராகிவிட்டதைக் கேள்விகளுக்கு அஞ்சும் அதிகாரிகள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.) சித்த வைத்தியர்கள் நாடி முதலாக எண்ணிய எண்வகைத் தேர்விலும் மொழிக்கு ஓர் இடமுண்டு. நோயாளியின் பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவரையும் அவர்கள் மறந்துவிடவில்லை. வள்ளுவர் மருந்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக உழைச்செல்வானை வைத்தார். சரகரோ, அத்தகையவருக்கு உபசார ஞானம், திறமை, அன்பு, சுத்தம் ஆகிய நான்கு குணங்கள் வேண்டும் என்றார். அந்த நான்கில் வினவும் சாமர்த்தியம் இல்லை. அது வைத்தியனின் உடைமை. பக்கத்திலிருப்பவர் மருந்தை அரைத்துக் கொடுத்து, ரோகியைத் தாங்கிப் பிடித்தாற் போதும் என்பதே அன்றைய ஏற்பாடு.

பக்கத்திலிருப்பவரின் கேள்வியைப் பற்றி முதன்முதலாகக் கடுமையாகச் சிந்தித்தவர் என்று நான் கருதுவது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை. 1854 நவம்பரில் 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சென்று சேர்ந்த அந்த அம்மையாரின் கையிலிருந்த விளக்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் கையிலிருந்த கணக்கு நோட்டுக்கு அத்தனை கீர்த்தி வாய்க்கவில்லை. லண்டன் புள்ளியியல் சங்கம் 1858-இல் தன் முதல் பெண் அங்கத்தினராகத் தெரிந்தெடுத்தது அவரைத்தான். அந்தக் கணக்குப் பழக்கம், 1859-இல் அவர் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' என்னும் சிறு நூலில், நோயாளியை அவதானிப்பது பற்றிய அத்தியாயம் முழுவதிலும் தெரிகிறது. 'இரவு நன்றாகத் தூங்கினாரா?' என்று கேட்பதால் என்ன பிரயோஜனம் என்கிறார் அவர். ஒருவர் பத்து மணி நேரம் விழிக்காமல் தூங்காவிட்டால் தூக்கமே இல்லை என்பார். இன்னொருவர் இடையிடையே கண்ணயர்ந்திருந்தாற்கூடக் குறையொன்றும் சொல்லமாட்டார். ஐந்து நாள் இரவும் பகலும் கண்மூடாதிருந்து அதனாலேயே மாண்டுபோன ஒரு நோயாளியைப் பற்றியும், வழக்கமான தூக்கம் நடுவில் கலைந்துபோன மற்றொருவரைப் பற்றியும், ஒரே விடை கிடைத்ததைத் தாம் அறிந்ததாக அவர் எழுதுகிறார். எத்தனை மணி நேரம், இரவில் எந்த எந்த மணிகளில் தூங்கினார் என்று ஏன் கேட்கலாகாது என்பது அவருடைய வாதம்.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படியே. நோயாளி உண்ணவில்லை என்றால், சமையலில் குற்றமா, தேர்ந்த உணவில் குற்றமா, கொடுத்த வேளையில் குற்றமா, அல்லது உண்மையிலேயே பசி இல்லையா என்று நான்கு காரணங்கள் இருக்கக்கூடும். இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டிப் 'பசியில்லை' என்று ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அவருக்குப் பொறுமையில்லை. விடையைத் தனக்குள்ளே வைத்துக்கொண்டு வரும் கேள்வியை அவர் விஷம் போலவே வெறுத்தார். விஷத்தைப் பற்றிய ஓர் உதாரணமும் அதற்குத் தந்தார்: அக்காலத்துப் பிரசித்தமான வழக்கு ஒன்றில், இந்த நோய்க்குறிகளுக்கு விஷத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியுமா என்று பெரிய வைத்தியர்கள் ஒன்பது பேரிடம் வரிசையாகக் கேட்டபோது, எட்டுப் பேர் யாதொரு நிபந்தனையுமின்றி 'முடியாது' என்று சொல்லிவிட்டார்களாம். எங்கே நோகிறதோ அங்கே விரலை வை என்று சொல்லியே ஒவ்வொரு நோயாளியிடமும் பரிசோதனையைத் தொடங்கும் ஒரு வைத்தியரை அவர் மெச்சிப் பேசுவதும் இதே அத்தியாயத்தில்தான்.

இவ்வளவும் எழுதிய அம்மையாரின் பெயரால், 1860 ஜூலை 9 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 15 மாணவிகளோடு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே மாணவிகள் கற்க வேண்டிய கடமைகளின் பட்டியலில், நோயாளியின் நாடி, தோல், பசி, சுவாசம், தூக்கம், சளி, புண்ணின் நிலை, பிதற்றல், மயக்கம், உணவும் மருந்தும் விளைத்த பலன் ஆகியவற்றைக் கூர்ந்து கவனித்தல் என்பது விஸ்தாரமாக இடம்பெற்றது. கண்ணுக்கும் கைக்கும் இத்தனை வேலை வைத்த பட்டியலில் நாவுக்குத் தனியான வேலை எதுவும் இல்லை. கவனித்ததை டாக்டரிடம் ஒழுங்காகத் தெரிவிப்பது நர்ஸின் தர்மம். நோயின் பூர்வோத்தரத்தை விசாரிப்பது டாக்டரின் அதிகாரம். அந்த எல்லையைத் தாண்டினால் நோயை நிர்ணயிக்கப் புகுந்துவிட்டாள் என்ற பழிக்கு ஆளாக வேண்டும். அந்த டாக்டர்களும் அப்போது நோயாளியின் வாய்மொழியை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தார்கள் என்பது ஒரு விசித்திரம். 1816-இல் லென்னெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்ட நாளிலிருந்து, வைத்தியனின் காது நோயாளியின் நெஞ்சுக்கு நெருங்கி வந்தது. வாய்க்கு அதே அளவு தூரமாயிற்று.

இந்த மௌன யுகத்துக்கு ஒரு பிரதிமையும் உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபர்ட் ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பள்ளிக்காக, 1911-இல், ரோட் ஐலண்டைச் சேர்ந்த பொம்மை தயாரிப்பாளரான மார்த்தா சேஸ் என்ற பெண்மணி, ஆள் உயரத்தில் ஒரு பொம்மை செய்து கொடுத்தார். 'மிஸஸ் சேஸ்' என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையை மாணவிகள் குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள், அதன் கட்டிலில் விரிப்பு மாற்றினார்கள். பிறகு ஊசி போடவும் அதற்கு வசதி செய்யப்பட்டது. அதன் வழிவந்த பொம்மைகள் பல நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவிகளுக்குக் கை பழக்கிக் கொடுத்தன. எவ்வளவு இழுத்தாலும் முனகாத, எது கேட்டாலும் விடை சொல்லாத நோயாளி அது. கையின் பயிற்சிக்கு இதைவிடச் சாதுவான குரு கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் வாய் திறக்காத குருவிடம் காது என்ன கற்கும்?

மாறுதல் அமெரிக்காவிலேயே தொடங்கியது. ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதிய நூல், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலுள்ள உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்றது. ஐடா ஜீன் ஆர்லாண்டோ 1961-இல், நர்ஸ் தான் ஊகித்ததை ஊகமாகவே விட்டுவிடாமல் நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். அறுபதுகளின் இறுதிக்குள், நிலைமையை ஆராய்தல், திட்டமிடல், செய்தல், மதிப்பிடல் என்ற படிகள் பாடத்திட்டத்தில் நிலைபெற்றன. அவற்றுள் முதற்படி கேட்டறிதலே. டாக்டர் எழுதிய சரித்திரத்தையே நர்ஸும் மறுபடி எழுதுவது எதற்கு என்ற ஆட்சேபம் எழாமலில்லை. நோய் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்கிறார். வந்த நோய் அந்த மனிதரின் உணவை, உறக்கத்தை, நடையை, வேலையை, வீட்டாரோடுள்ள உறவை என்ன செய்துவிட்டது என்று நர்ஸ் கேட்கிறார் என்பதே அதற்குக் கிடைத்த சமாதானம். மார்ஜரி கார்டன் வகுத்த 11 வாழ்க்கைப் பழக்க வகைகள் இந்த வேறுபாட்டின் மேல் எழுந்தவை.

பேசாத பொம்மைக்கு மாற்றும் ஏற்பட்டது. 1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர், நோயில்லாத ஒருவருக்கு ஒரு நோயின் கதையைக் கற்பித்து, நோயாளியாக நடிக்கச் செய்து மாணவர்களின் எதிரே உட்கார வைத்தார். இதென்ன கூத்து என்று சக வைத்தியர்கள் பரிகசித்தார்கள். கூத்துத்தான், ஆனால் கேட்கும் விதத்துக்குத் தக்கபடி விடையும் மாறும் என்பதை மாணவன் கண்ணெதிரே உணர்ந்த கூத்து. டாக்டர்களும் இதற்கிடையில் வாய்மொழியின் மதிப்பை அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். 1975-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆராய்ச்சியில், புதிதாக வந்த 80 நோயாளிகளுள் 66 பேருக்கு, நோயின் கதையைத் தெரிந்துகொண்டபின் செய்த நிர்ணயமே கடைசிவரை நிலைத்தது. 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியோ, 74 சந்திப்புகளில் 17 நோயாளிகளே தங்கள் முதற் பேச்சை முடிக்க விடப்பட்டார்கள் என்றும், குறுக்கிட்ட வைத்தியர்கள் சராசரி 18 விநாடிகளில் குறுக்கிட்டார்கள் என்றும் கண்டது.

தமிழ்நாட்டில் இந்த வித்தைக்கு வேறொரு பூர்வகதை உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார், பிரசவ வேதனையில் கிடந்த தம் மனைவியரைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் உதவி தேடி வந்ததும், ஆண் வைத்தியரான அவளுடைய தந்தையை அழைத்துச்செல்ல மறுத்ததும், மூன்று பெண்களும் இறந்ததும், ஐடா ஸ்கடர் என்ற அந்தப் பெண்ணை வைத்தியப் படிப்புக்குச் செலுத்திய பிரசித்தமான சம்பவம். ஓர் ஆடவர் தொடுவதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும் அந்தப் பெண்களின் தேகம் மூடப்பட்டிருந்தது. வேலூரில் 1909-இல் ஐடா தொடங்கிய நர்ஸிங் பள்ளியையும், 1946-இல் அங்கே ஏற்பட்ட பட்டப் படிப்பையும் இந்தக் கண்கொண்டு பார்ப்பது தகும்.

இன்றைய மாணவி படிவத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் வார்டுக்கு வருகிறாள்: தற்போதைய உபாதை, முன்பு வந்த நோய், அறுவைச் சிகிச்சை, குடும்பச் சரித்திரம், பழக்கவழக்கம். ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் இறந்தவருக்குக் குறுக்குக் கோடுமாக வம்ச வரைபடம் போடும்போது, 'சொந்தத்திலே கட்டினதா?' என்று கேட்டு, ஆம் என்றால் தம்பதியை இரட்டைக் கோட்டால் இணைக்கிறாள். அத்தை மகனையும் தாய்மாமனையும் மணக்கும் நம் ஊர்களில் அந்த இரட்டைக் கோட்டுக்கு வேலை அதிகம். படிவம் கற்றுத் தராததை நோயாளிகள் கற்றுத் தருகிறார்கள். 'சுகர் இருக்கா?' என்றால், 'இல்லைம்மா' என்பார் ஒரு பாட்டி. 'தினமும் மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா?' என்றால், 'சுகருக்குப் போடறேனே, அதனாலதான் இல்லை' என்பார். வலி என்றைக்குத் தொடங்கியது என்பதற்குத் தேதி கிடைக்காது. ஆடிப்பெருக்குக்கு முந்தியா, தீபாவளிக்குப் பிந்தியா என்று கேட்டால் கணக்குத் தானாக வரும். 'மயக்கமா வருது' என்பது தலைச்சுற்றலா, கண் இருட்டலா, நினைவு தப்புவதா என்று பிரித்தறிய மேலும் மூன்று கேள்விகள் வேண்டும். 'முழுகாம இருக்கீங்களா?' என்று கேட்கத் தெரிந்தவளுக்குக் கிடைக்கும் விடை, பாடபுத்தகத் தமிழில் கேட்பவளுக்குக் கிடைப்பதில்லை.

எல்லாவற்றிலும் கஷ்டமானது, நோயாளிக்குப் பதிலாக உடன் இருப்பவர் விடை சொல்லுவது. 'குடிப்பழக்கம் உண்டா?' என்று மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், 'எப்பவாச்சும்' என்று கணவர் கூரையைப் பார்க்கிறார். மருமகள் நிற்கும்போது மாமியாரும், மாமியார் நிற்கும்போது மருமகளும், சாப்பாட்டில் யாதொரு குறையும் இல்லை என்றே சொல்லுகிறார்கள். அனுபவப்பட்ட சிஸ்டர் ஒருவர் அப்போது மாணவியின் பின்னால் வந்து நின்று, உடன் இருப்பவர் கையில் பிளாஸ்கைக் கொடுத்து, கேண்டீனில் வெந்நீர் வாங்கி வரச் சொல்லுகிறார். அவர் படியிறங்கிப் போன பிறகு, மாணவி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே கேள்வியை மெதுவான குரலில் மறுபடி கேட்கிறாள்.