நிரலை நம்பாத நுழைவாயில்: மைக்ரோகண்ட்ரோலர் பலகைகளில் நிரலேற்ற வழியின் வடிவமைப்பு

பலகையில் பற்றவைத்த மைக்ரோகண்ட்ரோலருக்குள் நிரலை ஏற்றும் வழி, பல வடிவமைப்புகளில் கடைசி நேரத்தில் ஒதுக்கப்படும் ஆறு துளைகளாகவே இருக்கிறது. இக்கட்டுரையின் வாதம் அதற்கு எதிரானது. சிப்புக்குள் இருக்கும் நிரல் எவ்வளவு பழுதுபட்டிருந்தாலும் அந்த வழி திறக்க வேண்டும். அதற்கான பொறுப்பு மின்சுற்றை வரைபவருடையது.

ஏட்மெகா328பி சிப்பை எடுத்துக்கொள்வோம். ரீசெட் பின்னைத் தாழ்நிலையில் பிடித்து, மின்சாரம் வந்தபின் குறைந்தது 20 மில்லி விநாடி காத்திருந்து, புரோகிராமர் நான்கு பைட் கொண்ட தொடக்கக் கட்டளையை மோசி தடத்தில் அனுப்புகிறது. அதன் இரண்டாவது பைட், பதினாறடிமானத்தில் 53, மூன்றாவது பைட் போகும்போதே மிசோ தடத்தில் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ரீசெட்டுக்கு ஒரு துடிப்பு கொடுத்து மறுபடி முயல வேண்டும். இந்த உரையாடலில் ஃப்ளாஷில் உள்ள நிரலுக்குப் பங்கே இல்லை. ஆனால் சிப் தரும் இந்தச் சுதந்திரத்தைப் பலகை மூன்று இடங்களில் இழக்கலாம்: பொதுத் தடம், கடிகாரம், ரீசெட்.

பொதுத் தடமே அதிகம் ஏமாற்றுவது. மோசி, மிசோ அடங்கிய அதே எஸ்பிஐ தடங்களில் ஒரு நினைவகச் சிப்போ எஸ்டி கார்டோ இருக்கிறது என்று கொள்வோம். சாதாரண ஓட்டத்தில் அதன் தேர்வுப் பின்னை உயர்நிலையில் பிடித்து அமைதியாக வைத்திருப்பது நிரல்தான். ரீசெட்டில் நிரல் ஓடாது. அந்தத் தடம் மிதக்கிறது. மிதந்து தாழ்ந்தால், துணைச் சிப் தன்னையே அழைத்ததாகக் கொண்டு மிசோவை இயக்கத் தொடங்கும். இருவரும் ஒரே தடத்தை இழுக்க, திரும்பும் 53 சிதைகிறது. மிதக்கும் தடம் ஒரே நிலையில் நிற்காததால், சோதனை மேசையில் இணங்கிய பலகை உற்பத்தி வரிசையில் மறுக்கக்கூடும். தீர்வு எளிது: தேர்வுப் பின்னிலிருந்து மின்வழங்கலுக்கு 10 கிலோ ஓம், துணைச் சிப்பின் வெளியீட்டுக்கும் மிசோவுக்கும் இடையே தொடராக 1 கிலோ ஓம். 5 வோல்ட்டில் மோதல் நேர்ந்தாலும் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. புரோகிராமர் இணைப்பி அந்தத் தொடர் மின்தடையின் ஏட்மெகா பக்கமே இருப்பதால் புரோகிராமர் கேட்பது அதன் குரலைத்தான்.

அடுத்தது கடிகாரம். புதுச் சிப் தன் 8 மெகாஹெர்ட்ஸ் உள் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எனவே நிரலேற்றத் துடிப்பு 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தாக வேண்டும். பலகையில் இல்லாத படிகத்தை பியூஸ் பிட்டில் தேர்ந்துவிட்டால் சிப் பதிலே தராது. வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு கொடுத்து மீட்கலாம். அதற்குப் படிகப் பின்னில் ஒரு சோதனைப் புள்ளி வேண்டும். ஒரு பின் கூடுதலாகக் கிடைக்கிறதென்று ரீசெட்டை பியூஸில் முடக்குவது இதைவிட மோசம். பிறகு 12 வோல்ட் இணைநிலை நிரலேற்றம்தான் வழி. பாகங்கள் பொருத்திய பலகையில் அது பெரும்பாலும் நடவாத காரியம்.

பூட்லோடர் இருக்கிறதே என்பது வழக்கமான மறுப்பு. ஃப்ளாஷில் எழுதிய பூட்லோடரும் ஒரு நிரல்தான். அது அழிந்தால் அதன் வழியும் அழியும். எஸ்டிஎம்32 சிப்புகளிலும் இதே பாடம் உண்டு. பிழைத்திருத்தத் தடங்களான பிஏ13, பிஏ14 பின்களை நிரல் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால், ரீசெட்டைப் பிடித்தபடி இணைவதே நேர்வழி. இணைப்பியில் ரீசெட் தடம் இல்லையென்றால், பூட்0 பின்னைக் கொண்டு ஆலையில் பதித்த பூட்லோடரை எழுப்ப வேண்டும். அந்தப் பின்னும் கைக்கு எட்டாவிட்டால் பலகை குப்பைக்குத்தான்.

திறந்த வழி நிரலைத் திருடவிடும் என்ற கவலை நியாயமானது. ஆனால் படிப்பதைத் தடுப்பது வேறு, அழித்து எழுதுவதைத் தடுப்பது வேறு. ஏட்மெகாவின் பூட்டு பிட்டுகள் உள்ளடக்கத்தை மறைக்கும்; முழு அழிப்பு அந்தப் பூட்டையும் சேர்த்து நீக்கும். ரகசியம் காக்கப்படுகிறது, பலகையும் பிழைக்கிறது. பல எஸ்டிஎம்32 சிப்புகள் தரும் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு மீளமுடியாதது. அழித்து எழுதுவதையே தடுத்தாக வேண்டிய கருவிக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஆகவே வடிவமைப்பு ஏற்புச் சோதனையில் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். முதல் மாதிரிப் பலகையில், எல்லாப் பின்களையும் தப்பாக இயக்கும் நிரலை வேண்டுமென்றே ஏற்றி, பாகம் எதையும் கழற்றாமல் அதை மீட்டுக் காட்ட வேண்டும். மீட்க முடியாத வரைபடத்தை உற்பத்திக்கு அனுப்பக் கூடாது. களத்தில் அந்தப் பலகையைத் திறந்து உட்காரும் பழுதுநீக்குநருக்கு வடிவமைப்பாளர் பட்டிருக்கும் கடமை அது.