யாழ் நகரின் குடித்தொகைத் தேய்வு

நகரம் என்றதும் வளர்ச்சியை எண்ணுவதே வழக்கம். தேய்ந்த நகரங்களும் வரலாற்றில் உள. மோட்டார்க் கைத்தொழிலாற் பெருத்த டெற்றோயிற் நகரில் 1950 இல் பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2010 இல் எஞ்சியோர் ஏழு இலட்சத்துச் சொச்சம் பேரே. அங்கே ஆலைகள் தளர்ந்தன. வசதி படைத்தோர் புறநகர்களை நாடினர். யாழ்ப்பாணத்தின் தேய்வை இவ்வாறு விளக்கிவிட இயலாது.

1949 இல் மாநகரசபையாக உயர்ந்த அந்நகரில், 1981 மார்ச் குடிசனமதிப்பு 118,224 பேரைக் கணக்கிட்டது. அன்று அது கண்டியிலும் பெரிய நகர். 1991 இல் நாட்டில் குடிசனமதிப்பு எடுக்கப்படவில்லை. 2001 இல் வடபகுதியில் அது முழுமை பெறவில்லை. 2012 இல் மீண்டும் எண்ணியபோது மாநகர எல்லைக்குள் இருந்தோர் 80,829 பேர். முப்பத்தோராண்டு இடைவெளியில் மூன்றிலொரு பங்கினர் அளவிற் குறைந்துவிட்டனர்.

வெளியூர் செல்லுதல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்திலேயே அவர்கள் எழுதுவினைஞராக மலாயாவிற்கும் கொழும்பிற்கும் சென்றனர். ஆயினும் உழைத்தவர் ஊருக்குப் பணம் அனுப்பினார், கல்வீடு கட்டினார், ஓய்வூதியத்துடன் அவ்வீட்டுத் திண்ணைக்கே மீண்டார். அப்பெயர்வு நகரை வளர்த்தது எனலாம். எழுபதுகளில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக வாயில் குறுகக் கண்ட இளைஞரைக் கடல்கடந்து நோக்கச் செய்தது. ஆனால் குடும்பம் குடும்பமாக நகர் வெறுமையடைந்தது போரினாலேயே.

இங்கு ஒரு முரண் உண்டு. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் வீடிழந்தோர் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர். அன்று யாழ்ப்பாணம் புகலிடமாயிற்று. ஏழாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1990 இல் புகையிரதம் நின்றது. கோட்டையைச் சூழ்ந்த போரில் நகரின் நடுப்பகுதி இடிபாடாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 30 இல் சோனகத்தெரு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். தமிழர் எழுதும் வரலாறுகள் இதனை ஒரு வரியிற் கடந்துவிடுவது முறையன்று. தலைமுறைகளாக அங்கே வணிகம் செய்த ஒரு சமூகம் ஒரே நாளில் அகற்றப்பட்டது. ஐந்தாண்டின் பின், 1995 ஒக்டோபர் 30 இல், இராணுவம் நெருங்கி வரத் தமிழரும் செம்மணி வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். பலர் மறு ஆண்டில் மீண்டனர். பலர் வன்னி சென்றனர். வழி கிடைத்தோர் கொழும்பு வந்து வெளிநாடு போயினர்.

பாமன்கடையில் ஓட்டுவீடுகள் இருந்த காணிகளில் அடுக்குமாடிகள் எழுந்தமைக்கு இவ்வருகையும் ஒரு காரணம். விசாவிற்காகவும் வெளிநாட்டுப் பிள்ளையின் பணத்திற்காகவும் காத்திருந்தோர்க்கு அது ஓர் இடைத்தங்கல். அந்த இடைத்தங்கலும் உறுதியானதன்று: 2007 யூன் 7 இல் வெள்ளவத்தை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடகிழக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

கொழும்பு மாநகர எல்லைக்குள்ளும் 2001 இலும் 2012 இல் மக்கள் குறைவே. எனினும் அவர்கள் அயலிலுள்ள புறநகர்களில் வாழ்ந்து நாள்தோறும் நகருக்கு வந்து போகின்றனர். மேல் மாகாணம் வளர்ந்தே வந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் நகரோடு மாவட்டமும் தேய்ந்தது. பின்னர் தனி மாவட்டமாகிய கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தாலும், 1981 இல் 730,000 இற்கு மேலிருந்த மாவட்டக் குடித்தொகை 2012 இல் 583,000 அளவிற்கு இறங்கியிருந்தது. மக்கள் நல்லூருக்கோ கோப்பாய்க்கோ நகர்ந்ததன் விளைவு மட்டும் இதுவன்று.

2009 இல் கண்டி வீதி திறந்தது. 2014 இல் புகையிரதமும் யாழ்ப்பாணம் மீண்டது. விழாக்காலத்தில் நல்லூர் வீதிகள் நிறைகின்றன. ஆயினும் சீதனமாகக் கைமாறிய வீடுகள் பலவற்றின் உறுதி இன்று கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிறது. சாவி மட்டும் அயலவரிடம்.