நாய்க்குட்டி எங்கே கிடைக்கும்? ஊர்ப்பக்கத்து வரலாறு கொஞ்சம்

விருதுநகர் மாவட்டத்துல விவசாயம் பாக்கிறவன்னு தெரிஞ்சாலே போதும், பட்டணத்துச் சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாரும் ஒரு விஷயம் கேட்பாங்க. "அண்ணே, நல்ல நாட்டு நாய்க்குட்டி எங்க கிடைக்கும்? என்ன விலை?" ரெண்டு கேள்வியும் சேர்ந்தேதான் வரும். எங்க அப்பா காலத்துல முதல் கேள்வி இருந்துச்சு. ரெண்டாவது கேள்வி கிடையாது. நாய் எப்படி விலைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி எப்படிக் கைமாறுச்சு, இதுல நாய்க்கு என்ன ஆச்சுன்னு ஒரு தடவை எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

நாய் நம்ம கூட இன்னைக்கு நேத்து சேர்ந்தது இல்ல. சங்கப் பாட்டுகள்லயே ஞமலி, ஞாளின்னு அதுக்குப் பேரு உண்டு. எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி ஒண்ணு இருக்கு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல கிடைச்ச நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. மாடு பிடிக்கிற சண்டையில செத்துப்போன ஒரு வீரனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லுல வீரனோட அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க. நாயோட பேரு கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சு, எசமானுக்குக் காவலா நின்னுச்சுன்னு எழுத்துலயே பதிஞ்சிருக்கு. ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தி ஒரு நாய்க்குப் பேரும் வேலையும் இருந்திருக்கு, அதைக் கல்லுல வெட்டி வைக்க ஒரு ஊரும் இருந்திருக்கு.

இப்ப நம்ம ஊர் ஜாதி நாய்களோட பேரைப் பாருங்க. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை. மூணும் ஊர்ப் பேரு. முதல் ரெண்டும் எங்க மாவட்டத்துல, கோம்பை தேனி மாவட்டத்துல உத்தமபாளையத்துப் பக்கம். கன்னி மட்டும்தான் ஊர்ப் பேர் இல்லாதது. அந்தக் காலத்துல நாய் எங்க கிடைக்கும்னு கேக்க வேண்டிய அவசியமே இல்ல, நாயோட பேரே விலாசம்.

அந்தந்த மண்ணுக்கு ஏத்த மாதிரிதான் நாயும் அமைஞ்சுச்சு. எங்க கரிசக்காடு மேடுபள்ளம் இல்லாம கண்ணுக்கு எட்டின தூரம் விரிஞ்சு கிடக்கும். இங்க முயல் எந்திரிச்சா மோப்பம் பிடிச்சுக்கிட்டு இருக்க நேரம் இல்ல, கண்ணால பாத்து ஓடிப் பிடிக்கணும். அதனால சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டின வயிறு, நீண்ட மூஞ்சி, குச்சிக் காலோட இருக்கும். ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். அங்க காட்டுப்பன்னியை மறிக்கணும், தோப்பைக் காக்கணும். அதனால எலும்பு கனமான, நெஞ்சு அகண்ட நாய் வேணும். கோம்பை நாய் செவலை நிறம், கறுத்த மூஞ்சி, காவலுக்குப் பேர் போனது. வெள்ளைக்காரன் இந்தப் பக்கத்து நாய்களைப் பாளையக்காரர் நாய்னே சொன்னான். பாளையக்காரர் சண்டையில நாய்களை ஏவி விட்டுக் கும்பினிக் குதிரையைக் கடிக்க வச்சாங்கன்னு எங்க பக்கம் கதை சொல்லுவாக. செவிவழிக் கதைதான். ஆனா நாய் வச்சிருந்தது யாருன்னு அந்தக் கதை சரியாச் சொல்லுது. பாளையக்காரர், ஜமீன், பெரிய சம்சாரி. ராஜபாளையத்துல ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறின ராஜுக்கள்.

சாதாரண சம்சாரி வீட்டுலயும் கிடை போடுற கீதாரிகிட்டயும் இருந்தது பேர் இல்லாத நாட்டு நாய். அதுக்கு விலாசம் தேவைப்படல. தெருவுல யார் வீட்டு நாய் குட்டி போட்டிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

குட்டி வாங்குறது எப்படின்னா, கேட்டு வாங்குறதுதான். தாய் சினையா இருக்கும்போதே சொல்லி வச்சிரணும். "மாமா, இந்த ஈத்துல எனக்கு ஒரு கடுவன் குடுங்க." அவரு உடனே சரின்னு சொல்ல மாட்டாரு. உன் காடு எவ்வளவு, ராத்திரி காவலுக்கு யாரு போறா, முன்னாடி இருந்த நாய் எப்படிச் செத்துச்சு, எல்லாம் விசாரிப்பாரு. குட்டி கண்ணு முழிச்சு ஓடியாட ஆரம்பிச்ச பிறகு போய்ப் பாக்கணும். தாய் எப்படி நிக்குது, புது ஆளைப் பாத்துக் குலைக்குதா பதுங்குதா, குட்டிகள்ல எது முதல்ல பாலுக்குப் பாயுதுன்னு கவனிப்பாக. நகத்தை எண்ணுவாக. வழக்கமா நாய்க்கு முன்னங்கால்ல பத்து, பின்னங்கால்ல எட்டுன்னு பதினெட்டு நகம். பின்னங்கால்ல கூடுதலா ஒண்ணொண்ணு இருந்தா இருபது. இருபது நகத்து நாய் கெட்டிக்கார நாய்னு ஒரு நம்பிக்கை. நான் பாத்த வரைக்கும் நகத்துக்கும் புத்திக்கும் சம்பந்தம் இல்ல.

காசு கைமாறாது. சும்மா வாங்கினா தங்காதுன்னு ஒரு படி கம்போ கொஞ்சம் பருத்தியோ கொடுப்பாக. கன்னி நாயை விக்கக் கூடாது, கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்குச் சீரோட குடுக்கிறதுன்னு சொல்லுவாக. குட்டி குடுத்தவர் அப்புறம் திருவிழா, தேவைன்னு வரும்போது நாயைப் பாக்காமப் போக மாட்டாரு. எலும்பு தெரிஞ்சா நம்மளை நாலு பேர் முன்னாடி கேப்பாரு. நாய் கோழி பிடிக்குதுன்னா நாமளும் அவர்கிட்டதான் போய் நிக்கணும். குடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் நடுவுல அந்த நாய் உசுரோட இருக்கிற வரைக்கும் ஒரு பேச்சுவார்த்தை ஓடிக்கிட்டே இருக்கும்.

பழசெல்லாம் தங்கம்னு சொல்ல வரல. பொட்டைக் குட்டியை யாரும் கேக்க மாட்டாங்க. சாக்குல போட்டுக் கண்மாய்க்கரையில விட்டுட்டு வந்தது எல்லா ஊர்லயும் நடந்ததுதான். பெரிய வீட்டு நாயோட குட்டியை எல்லாருக்கும் குடுக்கவும் மாட்டாங்க. யாருக்குக் குடுக்கலாம், யாருக்குக் கூடாதுங்கிறதுல நிலமும் சாதியும் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல வெறிநாய் பயம். 1907ல குன்னூர்ல பாஸ்டர் நிறுவனம் தொடங்கின பிறகுதான் தென்னிந்தியாவுல நாய்க்கடிக்கு ஊசின்னு ஒண்ணு வந்துச்சு. தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு எங்க தலைமுறைக்கு நல்லாத் தெரியும். ஆட்டு மூளையில தயாரிச்ச மருந்து அது. இந்த நூற்றாண்டு தொடக்கத்துலதான் அது நின்னு, கையில போடுற ஊசி வந்துச்சு. தெரியாத ஊர் நாய்க்குட்டியை வீட்டுக்குள்ள விடாததுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

விலைக்கு நாய் வாங்குற பழக்கம் வெள்ளைக்காரன் காலத்துல பட்டணத்துல தொடங்குச்சு. ஊட்டியில குள்ளநரி வேட்டைக்கு இங்கிலாந்துல இருந்து வேட்டைநாய் இறக்கினாங்க. துரை வீட்டு நாய் மாதிரி நமக்கும் ஒண்ணு வேணும்னு இங்க உள்ளவங்களுக்கும் ஆசை வந்துச்சு. சென்னையில மூர் மார்க்கெட்ல பழைய புத்தகத்தோட பறவையும் பிராணியும் வித்தாங்க. 1985ல அது எரிஞ்சுபோச்சு. பிறகு பிராட்வே பக்கம் ஞாயித்துக்கிழமைச் சந்தையில கூண்டுல நாய்க்குட்டி வித்தாங்க. கூண்டுல இருக்கிற குட்டியோட தாய் எதுன்னு வாங்குறவனுக்குத் தெரியாது, விக்கிறவனுக்கும் பல நேரம் தெரியாது.

ஊர்ப்பக்கம் நாட்டு நாய்க்கு அடி மேல அடி. 1948 சட்டத்துல ஜமீன் ஒழிஞ்சுச்சு. நியாயமான சட்டம், ஆனா அரண்மனை நாய்களுக்குச் சோறு போட ஆள் இல்லாமப் போச்சு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்னுச்சு. அதுவும் சரிதான். முயலும் மானும் மிச்சம் இருக்கணும்ல. ஆனா ஓடுறதுக்குன்னே பிறந்த நாய்க்கு வேலை போயிருச்சு. வேலை இல்லாத நாயை ஏழைச் சம்சாரி எத்தனை நாள் வச்சிருப்பான்? அதே காலத்துல பட்டணத்துல பொமரேனியன், அல்சேஷன், அப்புறம் லாப்ரடார். 2003ல ஹட்ச் விளம்பரத்துல பக் நாய் வந்ததும் எல்லாருக்கும் பக் வேணும்னு ஆச்சு. நாட்டு நாய் வச்சிருக்கிறது பட்டிக்காட்டுத்தனம்னு ஆகிப்போச்சு.

அரசாங்கமும் ஒரு முயற்சி பண்ணுச்சு. 1980-களின் தொடக்கத்துல சென்னை சைதாப்பேட்டையில கால்நடைத்துறை ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்குச்சு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை குட்டிகளை அங்க வாங்கலாம். ஆனா நாய்களை வச்சிருந்த விதம் சரியில்லைன்னு விலங்கு நல அமைப்புகள் வழக்குக்குப் போயி, 2016ல சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொல்லிருச்சு. நடுவுல 2005 ஜனவரியில தபால்துறை நாலு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டுச்சு. அதுல ராஜபாளையமும் ஒண்ணு. தியடோர் பாஸ்கரன் பல வருசமா நாட்டு நாய்களைப் பத்தி எழுதிக்கிட்டு வந்தாரு, 2017ல ஆங்கிலத்துல ஒரு புத்தகமே போட்டாரு.

2020 ஆகஸ்டுல பிரதமர் வானொலியில பேசும்போது நாட்டு நாய் வளர்க்கச் சொல்லி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொன்னாரு. ஊரடங்கு நேரம், எல்லாரும் வீட்டுல. அதுக்கப்புறம் எங்க பக்கம் குட்டிக்கு இருந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. நாட்டு நாய் பிழைச்சுக்கிச்சுன்னு நானும் சந்தோசப்பட்டேன்.

ரெண்டு வருசம் கழிச்சு ஒரு காலையில நாலுவழிச் சாலை ஓரமா வெள்ளை வெளேர்னு ஒரு ராஜபாளையம் நின்னுச்சு. கழுத்துல நல்ல தோல் பட்டை. பின்னாடி லாரி ஆரன் அடிக்குது, திரும்பல. கிட்டப் போயி கையைத் தட்டினேன், திரும்பல. தரையில காலை ஓங்கி மிதிச்ச பிறகுதான் திடுக்குனு பாத்துச்சு. காது கேக்காது. ராஜபாளையம் நாய்ல இது தெரிஞ்ச குறைதான். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்குன்னு நிறத்தை மட்டும் பாத்து இணை சேத்தா, அந்த நிறத்தோடயே செவிட்டுத்தன்மையும் இறங்கும். நல்ல வெள்ளைக்கு நல்ல விலைங்கிறதால சில பேர் இன்னமும் அப்படித்தான் சேக்குறாங்க. வாங்கினவருக்கு வீட்டுக்குப் போன பிறகு தெரிஞ்சிருக்கும். வித்தவர்கிட்டத் திருப்பிக் குடுக்க முடிஞ்சிருக்காது, அவரு யாருன்னே தெரிஞ்சிருக்காது. கார்ல ஏத்திக் கொண்டாந்து ஊருக்கு வெளிய இறக்கிட்டாங்க. மூணு மாசம் என் தோட்டத்துல இருந்துச்சு. ஒரு ராத்திரி ரோட்டுப் பக்கம் போயி வண்டியில அடிபட்டுச் செத்துச்சு. மக்காச்சோளக் காட்டு ஓரத்துல புதைச்சேன்.

காது கேக்காத குட்டி அந்தக் காலத்துலயும் பிறந்திருக்கும். அதுக்கு நல்ல கதி கிடைச்சிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அதை இன்னொருத்தர் தலையில கட்டியிருக்க முடியாது. கட்டினா அடுத்த திருவிழாவுல முகத்துல முழிக்க முடியாது. விலை வந்தபோது போனது அந்த முகம்தான்.

அதனால நாய்க்குட்டி எங்க கிடைக்கும்னு கேட்டா நான் சொல்றது இதுதான்.

வீட்டுக்கு ஒரு நாய் வேணும், அவ்வளவுதான்னா உங்க தெருவுலயே பாருங்க. டீக்கடைக்காரர், பால்காரர், வாட்ச்மேன் இவங்களுக்குத் தெரியும், எந்த நாய் குட்டி போட்டிருக்குன்னு. பொட்டைக் குட்டிதான் மிச்சம் இருக்கும், அதைக் கூசாம எடுங்க. கருத்தடை பண்ணிட்டா ஒரு தொந்தரவும் இல்ல. சென்னையில ப்ளூ கிராஸ் 1959ல இருந்து இருக்கு, அங்க தத்து எடுக்கலாம். 

ஜாதி நாய்தான் வேணும்னா போட்டோ பாத்துப் பணம் அனுப்பாதீங்க. பஸ் ஏறி வாங்க. தாயைக் காட்டச் சொல்லுங்க. தாய் இல்லைன்னு சொன்னா அப்படியே திரும்பிருங்க. குட்டிக்குப் பின்னாடி நின்னு கையைத் தட்டிப் பாருங்க. 2017ல வந்த மத்திய அரசு விதிப்படி நாய் வளர்த்து விக்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிஞ்சிருக்கணும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. பதிவுச் சான்றையும் ஊசி போட்ட அட்டையையும் கேளுங்க. கென்னல் கிளப் காகிதம் வம்சாவளியைச் சொல்லும், காது கேக்குமான்னு சொல்லாது. ஓட இடம் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்குச் சிப்பிப்பாறையும் கன்னியும் வேண்டாம். அது வீம்புக்கு வளர்க்கிற நாய் இல்ல.

வாங்கினவுடனே வெறிநாய்த் தடுப்பூசி எப்பன்னு டாக்டர்கிட்டக் கேட்டுக்கோங்க. சென்னையா இருந்தா மாநகராட்சி உரிமம் எடுங்க. குட்டி குடுத்தவர் பேர், ஊர், போன் நம்பர் குறிச்சு வைங்க. உங்க நம்பரையும் அவருகிட்டக் குடுத்துட்டு வாங்க. ஒரு வருசம் கழிச்சு அந்தப் பக்கம் வர வேலை இருந்தா நாயையும் கூட்டிட்டுப் போயி அவருகிட்டக் காட்டுங்க.