மில்டன் அபஸ்: ஓர் ஊரும் இரண்டு ஆலயங்களும்

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மில்டன் அபஸ் என்னும் சிற்றூர் உள்ளது. சரிந்திறங்கும் ஒரே தெரு. அதன் இருமருங்கிலும் மண்சுவரும் வைக்கோற் கூரையும் உடைய, ஒரே அளவினதான வெண்ணிற வீடுகள். காண்போர் வியக்கும் இவ்வொழுங்கு எவ்வாறு உண்டாயிற்று என்பது திருச்சபை வரலாறு பயில்வோர் அறியத்தக்கதாகும்.

பத்தாம் நூற்றாண்டில் ஆதல்ஸ்தான் மன்னன் நிறுவிய துறவியர் மடத்தை அண்டி, முன்னர் இங்கு ஒரு சந்தை நகர் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளும், கடைகளும், பள்ளியும், முதியோர்க்கான அறச்சாலையும் அதில் இருந்தன. 1539இல் மடம் கலைக்கப்பட்டபின் அதன் பேராலயம் ஊராரின் வழிபாட்டிடமாயிற்று.

1752இல் ஜோசப் டேமர் என்னும் செல்வர் இந்நிலவுடைமையை வாங்கினார். 1753இல் மில்டன் பிரபு ஆனார். தம் மாளிகையருகே நகர் இருப்பதை அவர் விரும்பவில்லை. குத்தகைகள் முடியமுடிய வீடுகளை இடித்து, லான்ஸ்லட் பிரவுன் என்னும் வல்லுநரைக் கொண்டு அவ்விடத்தைப் பூங்காவாக்க முற்பட்டார். வில்லியம் ஹாரிசன் என்னும் வழக்கறிஞர் மட்டும் குத்தகையை விட்டுக்கொடுக்க மறுத்தார். பிரபு மதகைத் திறந்து அவர் வீட்டில் வெள்ளம் புகச் செய்தார் என்றும், ஹாரிசன் வழக்காடி வென்றார் என்றும் கூறுவர்.

எஞ்சிய மக்களுக்காக, 1780ஆம் ஆண்டையொட்டி, மாளிகையின் பார்வைக்கு அப்பாற்பட்ட பள்ளத்தாக்கில் புதிய ஊர் எழுந்தது. ஒவ்வொரு கட்டடமும் இரு குடும்பங்களுக்கென அமைக்கப்பட்டது. அறச்சாலை 1779இல் அங்கே பெயர்த்துக் கட்டப்பட்டது. பள்ளியோ 1785இல் பிளான்ட்ஃபோர்டு நகருக்கு அகற்றப்பட்டது. இத்தகைய ஊர்களில் வேலை தருபவரே வீட்டுக்கும் உடையவர். ஆதலால் வேலையை இழப்பவன் வீட்டையும் இழக்கும் அச்சத்துடனேயே வாழ்ந்தான்.

நம் சிந்தனைக்குரியது ஆலயமே. பேராலயம் பிரபுவின் தனி ஆலயமாயிற்று. அதைச் சூழ்ந்திருந்த ஊராரின் கல்லறைக் கற்கள் அகற்றப்பட்டன. உள்ளேயோ 1775இல் மரித்த பிரபுவின் மனைவிக்கு அழகிய பளிங்கு நினைவுச்சின்னம் எழுந்தது. மக்களுக்கென 1786இல் புனித யாக்கோபு ஆலயம் புதுத்தெருவில் கட்டப்பட்டது.

பிரபு கொடாதவர் அல்லர். உறுதியான வீடுகளைக் கொடுத்தார். அவை இன்றும் நிற்கின்றன. ஆலயமும் கொடுத்தார். ஆயினும் ஊரார் தம் முன்னோரை அடக்கம்பண்ணிய இடத்தில் கூடித் தொழும் உரிமையை எடுத்துக்கொண்டார். செல்வர் பொன்மோதிரத்தோடும் ஏழை கந்தையோடும் ஒரே ஆலயத்தில் நுழைவதைக் குறித்து எச்சரித்தவர் யாக்கோபு. யாக்கோபு என்னும் பெயராலேயே ஏழைகளுக்கு வேறோர் ஆலயம் அமைந்ததை எண்ணிப்பார்த்தல் நன்று.